வெப்பத்தை மறிக்க எது நல்லது: நுரையா, பளபளப்பா, வெற்றிடமா?

மேலே தகரக் கூரை கொதிக்கிறது, கீழே மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லது ஒரு தொட்டியில் வெந்நீர் இருக்கிறது, விடியும்வரை ஆறக் கூடாது. அல்லது ஒரு பெட்டியில் மருந்து இருக்கிறது, குளிர்ச்சி குறையாமல் போய்ச் சேர வேண்டும். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் எதை வைப்பது? நுரைப் பலகை விற்பவர் தடிமனைத் தட்டிக் காட்டுவார். அலுமினியப் படலம் விற்பவர், தொண்ணூற்றைந்து சதவீத வெப்பத்தை அது திருப்பி அனுப்பிவிடும் என்பார். இருவருக்கும் நடுவே விழித்துக்கொண்டிருப்பவரிடம், படித்த நண்பர் ஒருவர் வந்து, வெற்றிடத்தை மிஞ்சிய காப்பு உலகிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போவார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெப்பம் வரும் வழிகளில் தமக்கு வசதியான ஒன்றை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எந்தப் பொருள் சிறந்தது?" என்று கேட்பதற்கு முன்னால் "எனக்கு வெப்பம் எந்த வழியாக வருகிறது?" என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் வாங்கிய காப்பு, வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம்.

## வெப்பம் வரும் வழிகள்

பள்ளிப் பாடம்தான். ஆனால் எண்களோடு ஒரு முறை பார்த்துவிட்டால் விற்பனைப் பேச்சில் பாதி உதிர்ந்துவிடும்.

முதல் வழி கடத்தல். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். வெப்பம் மட்டும் அதன் வழியே கை மாறிப் போகும். ஒரு மீட்டர் தடிமனுக்கு ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பதுதான் கடத்துத்திறன். தாமிரத்துக்கு அது சுமார் 400. சாதாரண எஃகுக்கு 50, துருப்பிடிக்காத எஃகுக்கு 15, கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1.4, கண்ணாடிக்கு 1, தண்ணீருக்கு 0.6. அசையாத காற்றுக்கு வெறும் 0.026. தாமிரத்துக்கும் காற்றுக்கும் பதினைந்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

இரண்டாவது, சலனம். இங்கே வெப்பத்தைச் சுமந்துகொண்டு காற்றோ நீரோ தானே நடந்து போகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். ஆகவே சலனத்துக்குத் திசை உண்டு. சூடு கீழே இருந்தால் காற்று சுழலும். சூடு மேலே இருந்தால் அப்படியே அடுக்காகத் தேங்கி நிற்கும். இந்த ஒரு விஷயம் பின்னால் நிறைய இடங்களில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதிர்வீச்சு. இதற்குப் பொருளே வேண்டாம். சூரியனின் வெப்பம் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து வருவது இந்த வழியில்தான். சூரியன் மட்டுமா? முப்பது டிகிரியில் இருக்கும் சாதாரணச் சுவர்கூட ஒரு சதுர மீட்டருக்கு 400 வாட்டுக்கு மேல் அகச்சிவப்புக் கதிராக உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ளவையும் ஏறக்குறைய அதே அளவைத் திருப்பித் தருவதால் நமக்கு உறைப்பதில்லை. இந்த உமிழ்வு வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு ஏறும் என்று 1879இல் ஸ்டெஃபான் என்ற இயற்பியலாளர் அளவீடுகளிலிருந்து கண்டார். 1884இல் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் அதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். நான்காம் அடுக்கு என்பதால், சற்றே சூடு கூடினாலும் கதிர்வீச்சு வெகுவாகக் கூடிவிடும்.

கதிர்வீச்சில் மேற்பரப்பின் குணம் முக்கியம். அதை உமிழ்திறன் என்ற எண்ணால் சொல்கிறார்கள். கண்ணாடி, செங்கல், மரம், சாயம் பூசிய பரப்பு எல்லாம் 0.9ஐ ஒட்டி இருக்கும். பளபளப்பான அலுமினியம் 0.05, வெள்ளி அதைவிடக் குறைவு. குறைவாக உமிழ்வது குறைவாகவே ஏற்றுக்கொள்ளவும் செய்யும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது இவற்றை. வெப்பம் எந்தத் திசையில் வருகிறது: மேலிருந்தா, கீழிருந்தா, பக்கவாட்டிலா? எவ்வளவு இடம் இருக்கிறது: இரண்டு சென்டிமீட்டரா, பத்தா? எவ்வளவு சூடு, தீப்பிடித்தால் என்ன ஆகும்? தண்ணீரோ நீராவியோ அண்டுமா? பத்து ஆண்டு கழித்தும் முதல் நாள் வேலையைச் செய்யுமா? கடைசியாக, எல்லோரும் மறப்பது: அதைப் பிடித்து நிறுத்தும் ஆணி, சட்டம், விளிம்பு வழியாக எவ்வளவு ஒழுகும்?

விலையைப் பட்டியலில் தனியாகச் சேர்க்கவில்லை. வாங்கும் விலை கண்ணுக்குத் தெரியும். ஈரம் புகுந்து பாழான பலகையைப் பிரித்து மாற்றும் செலவு ரசீதில் வருவதில்லை.

## எல்லோருக்கும் ஒரே பரீட்சை

ஒப்பிட வேண்டுமானால் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பு. மேல் தட்டு 60 டிகிரி செல்சியஸ், கீழ்த் தட்டு 30 டிகிரி. நடுவில் 5 செ.மீ. இடைவெளி. சூடு மேலே இருப்பதால் காற்று சுழலாது. இந்த இடைவெளியில் என்ன வைத்தால் எத்தனை வாட் கீழே வருகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன்:

| இடைவெளியில் இருப்பது | கீழே வரும் வெப்பம் (ஒரு சதுர மீட்டருக்கு) |
|---|---|
| கான்கிரீட் | 840 வாட் |
| வெறும் காற்று | 195 வாட் |
| வெற்றிடம், சாதாரணத் தட்டுகள் | 180 வாட் |
| காற்று + ஒரு தட்டில் தூசி படிந்த படலம் (உமிழ்திறன் 0.3) | 80 வாட் |
| காற்று + ஒரு தட்டில் பளபளப்பான படலம் | 26 வாட் |
| இழைக் கம்பளம் | 24 வாட் |
| நுரைப் பலகை | 21 வாட் |
| ஏரோஜெல் (நுண்துளைகள் நிறைந்த மிக லேசான திடப்பொருள்) | 10 வாட் |
| வெற்றிடக் காப்புப் பலகை (உறையிட்டுக் காற்றை எடுத்த பலகை) | 4 வாட் |
| வெற்றிடம், இரு தட்டிலும் வெள்ளிப் பூச்சு | 3 வாட் |

இரு தட்டுகளின் வெப்பநிலையும் மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நடைமுறையில் பெரிய எண்கள் இவ்வளவு பெரிதாக இரா; தட்டை ஒட்டிய காற்றும் கொஞ்சம் தடுக்கும். வரிசை மாறாது.

மூன்றாவது வரியைத் திரும்பப் படியுங்கள். வெற்றிடம், 180 வாட். காற்றை அடியோடு உறிஞ்சி எடுத்த பிறகும் வெறும் காற்று இருந்தபோது வந்ததில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏனென்றால் அந்த 195இல் காற்று கடத்தியது 16 வாட்தான். மீதி முழுவதும் கதிர்வீச்சு. வெற்றிடம் நிறுத்தியது அந்தப் பதினாறை. தெர்மாகோல் பலகை ஒன்று, வெள்ளி பூசாத வெற்றிடத்தைவிட எட்டு மடங்கு நன்றாக வேலை செய்கிறது. படித்த நண்பருக்கு இந்த வரியைக் காட்டலாம்.

## நுரையும் இழையும்: காற்றைக் கட்டிப்போடும் வித்தை

தெர்மாகோல், பாலியூரித்தேன் நுரை, கண்ணாடி இழை, பாறை இழை எல்லாம் ஒரே குலம். காப்பு வேலையைச் செய்வது பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ இல்லை, அவற்றின் நடுவே சிக்கியிருக்கும் காற்று. அந்தக் காற்று நகர முடியாமல் நுரையின் அறைகளும் இழைகளும் தடுக்கின்றன, சலனம் செத்தது. கதிரும் ஒவ்வொரு அறைச் சுவரிலும் முட்டி முட்டித்தான் போக வேண்டும், கதிர்வீச்சும் நொண்டிவிட்டது. மீதி இருப்பது கடத்தல். பறவை குளிரில் சிறகைச் சிலிர்த்துக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

இந்தக் குலத்தின் பெரிய பலம், திசையைப் பற்றிக் கவலைப்படாதது. சூடு மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் அதே 21 வாட். தடிமனை இரட்டிப்பாக்கினால் வரும் வெப்பம் பாதியாகும். வெட்டலாம், ஒட்டலாம், ஓரத்தில் துண்டு சொருகலாம். ஒரு மூலை உடைந்தால் அந்த மூலைதான் போகும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது தண்ணீர். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கடத்துத்திறன் 0.026இலிருந்து 0.6க்குத் தாவும், இருபத்துமூன்று மடங்கு. அது உறைந்து பனிக்கட்டியானால் 2.2. இழைக் கம்பளம் இதில் மிகவும் பலவீனம். குளிர்ந்த குழாயைச் சுற்றி இழைக் கம்பளம் மட்டும் கட்டினால், வெளியே இருக்கும் நீராவி உள்ளே ஊர்ந்து போய்க் குழாயில் பனித்துச் சொட்டும். கொஞ்ச நாளில் அது ஈரத் துணி. குளிர்ந்த பொருளுக்குக் காப்புப் போடும்போது வெளிப்பக்கத்தில் நீராவி புகாத உறை கட்டாயம், இல்லாவிட்டால் மூடிய அறைகளுள்ள நுரைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது, அமுக்கம். ஐந்து சென்டிமீட்டர்க் கம்பளத்தை இரண்டரை சென்டிமீட்டர் இடுக்கில் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "நெருக்கமாக இருந்தால் நல்லதுதானே" என்பார்கள். கம்பளத்தை விலைக்கு வாங்கி அதிலிருந்த காற்றை இலவசமாக வெளியேற்றும் வேலை அது. வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாக வரும்.

மூன்றாவது, தீ. தெர்மாகோல் 80 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். பாலியூரித்தேன் எரிந்தால் அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும். பாறை இழையோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் உருகாமல் நிற்கும். காப்பில் இரண்டு வாட் குறைந்தாலும் அடுப்பு, புகைபோக்கி, மின்பெட்டி பக்கத்தில் நான் பாறை இழையைத்தான் வைப்பேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பாலியூரித்தேனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அது புதிதாக இருக்கும்போது அறைகளுக்குள் இருப்பது காற்றன்று, காற்றைவிட மந்தமாகக் கடத்தும் வாயு. ஆண்டுகள் போகப்போக அது மெல்லக் கசிந்து காற்று உள்ளே வரும். காப்பும் அதற்கேற்பக் கொஞ்சம் இறங்கும். விளம்பரத்தில் இருப்பது பிறந்த நாளின் எண்.

## பளபளக்கும் படலம்: மெலிந்தவன், ஆனால் நிபந்தனைக்காரன்

தலைமுடியைப் போல மெல்லிய ஒரு படலம், 195 வாட்டை 26 ஆக்குகிறது. பட்டியலிலேயே செய்த வேலைக்கு எடை மிகக் குறைவு இதற்குத்தான். இவ்வளவுக்கும் அலுமினியம் உலகின் நல்ல கடத்திகளில் ஒன்று. அதன் கடத்துத்திறன் 237. கடத்தலைத் தடுப்பதில் அவ்வளவு மோசமான பொருள் கதிர்வீச்சில் இவ்வளவு நல்ல காவலாளியாக இருப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

படலத்துக்கு முன்னால் காற்றிடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெட்டிக்காக இரண்டு பலகைகளுக்கு நடுவே படலத்தை வைத்து, இம்மி இடைவெளி இல்லாமல் பசை போட்டு இறுக்கினேன். வேலை சுத்தமாக இருந்தது என்று எனக்குப் பெருமை வேறு. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பலகைகளுக்கு நடுவே கதிர்வீச்சுக்கு என்ன வேலை? கடத்தல் தாராளமாக நடந்தது. படலம் சும்மா இருந்தது.

காற்றுக் குமிழிகளுக்கு இருபுறமும் படலம் ஒட்டி விற்கிறார்களே, அதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதன் பொட்டலத்தில் இருக்கும் பெரிய எண், முன்னும் பின்னும் நல்ல காற்றிடைவெளியும், மேலிருந்து வரும் சூடும் இருந்தால் கிடைப்பது. இரண்டு பரப்புகளுக்கு நடுவே இறுக்கிவிட்டால் மீதம் இருப்பது ஆறேழு மில்லிமீட்டர்க் குமிழி மட்டும். ஐந்து சென்டிமீட்டர் நுரையின் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

அடுத்த நிபந்தனை திசை. நம் பரீட்சையில் சூடு மேலே இருந்தது. தட்டுகளைத் தலைகீழாக்கிச் சூட்டைக் கீழே கொண்டுவாருங்கள். காற்று சுழலத் தொடங்கி, முன்பு 16 வாட் கடத்திய அதே காற்று எழுபது வாட் அளவுக்குச் சுமக்கும். படலத்தின் 26 எண்பதாகிவிடும். நுரை அதே 21இல் நிற்கும். கூரைக்குக் கீழே நட்சத்திரமாக இருக்கும் படலம், குளிர்கால இரவில் அறையின் வெப்பம் மேலே போவதைத் தடுக்கும் வேலையில் சாதாரணமாகிவிடுவது இதனால்தான்.

தடிமன் விஷயத்தில் சுவையான ஒரு திருப்பம் இருக்கிறது. இடைவெளியைச் சுருக்கினாலும் விரித்தாலும் கதிர்வீச்சின் அளவு மாறுவதில்லை. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் படலமும் காற்றும் சேர்ந்து 50 வாட்டை விடும். அதே இடத்தில் நுரை 52 வாட்டை விடும். ஏறக்குறைய சரிசமம். பத்து சென்டிமீட்டருக்குப் போனால் படலம் 19, நுரை 10. இடம் குறைவாக இருந்து சூடும் மேலிருந்து வந்தால் படலம்; இடம் தாராளமாக இருந்தால் நுரை.

தூசி இதன் பரம எதிரி. மேல்நோக்கிப் படுக்க வைத்த படலத்தில் தூசி படிந்து உமிழ்திறன் 0.3க்கு ஏறினால் 26 வாட் என்பது 80 ஆகும். மருந்து எளிது: பளபளப்பைக் கீழ்நோக்கி வையுங்கள். மேலே நோக்கினால் வரும் கதிரைத் திருப்பி அனுப்பும். கீழே நோக்கினால் தான் சூடானாலும் கதிரை உமிழாமல் கஞ்சத்தனம் செய்யும். பலன் ஒன்றேதான், கீழ்முகத்தில் தூசி நிற்பதில்லை. இதை நம்ப மறுப்பவர்கள் பலர். கதிரைத் திருப்புவது கண்ணுக்குத் தெரிகிறது, உமிழாமல் இருப்பது தெரிவதில்லை அல்லவா?

இரண்டு துணைச் சங்கதிகள். வெயில் நேராகப் படும் வெளிப்பரப்பில் பளபளப்பான உலோகத்தைவிட வெள்ளைச் சாயம் நல்லது. உலோகம் சூரிய ஒளியில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளும், ஏற்றதை உமிழ்ந்து தள்ளத் தெரியாமல் சுட்டுக் கிடக்கும். வெள்ளை, வந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி, மிஞ்சியதையும் அகச்சிவப்பாக வானத்துக்கு உமிழ்ந்துவிடும். இன்னொன்று, கட்டடத்தையே படலத்தால் போர்த்தினால் செல்பேசி அலைகளும் உள்ளே வரத் தயங்கும்.

## வெற்றிடம்: பேர் பெரிது, பிடிவாதமும் பெரிது

1892இல் ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை செய்தார். நடுவிலிருந்த காற்றை எடுத்ததோடு அவர் நிறுத்தவில்லை, உட்பக்கங்களுக்கு வெள்ளியும் பூசினார். நம் பட்டியலின் 180 வாட் 3 வாட்டாக மாறுவது அந்த வெள்ளியால். 1898இல் ஹைட்ரஜனை அவர் திரவமாக்கியதற்கு இப்படிப்பட்ட குடுவைகள் பெருந்துணை. வெந்நீர் வைக்கும் பிளாஸ்க் அதன் பேரப்பிள்ளை.

வெற்றிடத்தின் முதல் பிடிவாதம், அரைகுறையை ஏற்காது. பாதிக் காற்றை எடுத்தால் பாதி வெப்பமாவது நிற்கும் என்றுதான் மனம் சொல்லும். நடப்பது வேறு. மூலக்கூறுகள் பாதியானால், ஒவ்வொன்றும் இன்னொன்றோடு மோதாமல் இரு மடங்கு தூரம் ஓடும். சுமக்கும் கைகள் குறைந்தன, ஒவ்வொரு கையும் தூக்கிப்போகும் தூரம் கூடியது, கடத்தல் அப்படியே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு காற்றை எடுத்த பிறகும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் காற்றின் கடத்தல் ஏறக்குறைய மாறாது. வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கு வந்தால்தான் மூலக்கூறு மோதாமல் ஏழு மில்லிமீட்டர் ஓடும். அந்த அளவை நெருங்கும்போதுதான் கடத்தல் பெரிதாக விழத் தொடங்கும்.

செவ்வாய்க் கோள் இதற்கு நல்ல சாட்சி. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய வெற்றிடம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் வெப்பத்தைக் கடத்த அந்த மெல்லிய வாயுவே போதும். 1997இல் அங்கே ஓடிய சோஜர்னர் ஊர்தியின் மின்னணுப் பெட்டிக்கு ஏரோஜெல் காப்பு வைத்தார்கள். சாமுவேல் கிஸ்ட்லர் என்ற வேதியியலாளர் 1931இல் உலகுக்கு அறிவித்த பொருள் அது. அதன் துளைகள், காற்று மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடும் தூரத்தைவிடச் சிறியவை; அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ எழுபது பங்கு. மூலக்கூறு தன் கூட்டாளியைச் சந்திப்பதற்குள் சுவரில் முட்டிவிடும். அதனால்தான் அசையாத காற்றைவிடவும் ஏரோஜெல் குறைவாகக் கடத்துகிறது. இடம் மிகக் குறைவு, சூடும் அதிகம், வெற்றிடமும் சரிப்படாது என்றால் இதை நினைக்கலாம். விலை தவிர இதன் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. தூள் உதிர்வதைச் சகித்துக்கொண்டால் போதும்.

வெற்றிடத்தின் இரண்டாவது பிடிவாதம், வளிமண்டலத்தின் எடை. ஒரு சதுர மீட்டரில் பத்து டன் அழுத்தும். உருளையான குடுவை தாங்கிக்கொள்ளும். தட்டையான பெட்டி சப்பிப்போகும். ஆகவே தட்டையாக வேண்டுமானால் உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு வழியே வெப்பம் கடத்தப்படும். வெற்றிடக் காப்புப் பலகை என்பது இந்தச் சிக்கலுக்கு வந்த சமாதானம்: மிக நுண்ணிய சிலிக்காத் தூளை அழுத்திப் பலகையாக்கி, உலோகம் பூசிய உறையில் போட்டு, காற்றை எடுத்துவிடுவார்கள். துளைகள் அவ்வளவு சிறியவையாதலால் இங்கே லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தம் தேவையில்லை. ஆயிரத்தில் சில பங்கு போதும். இரண்டு சென்டிமீட்டரிலேயே 10 வாட். பத்து சென்டிமீட்டர் நுரையின் வேலை.

மயங்கி ஆர்டர் கொடுப்பதற்கு முன்: இதை வெட்ட முடியாது. ஆணி அடிக்க முடியாது. அளவு தவறினால் அப்படியே கிடக்கும். வேலை செய்யும்போது ஒரு திருகாணி முனை பட்டால் போயிற்று. உறை கிழிந்த பிறகும் சிலிக்காப் பலகை, ஐந்து சென்டிமீட்டரில் 12 வாட் அளவில் கௌரவமாக நிற்கும் என்பது ஆறுதல். ஆனால் அது கிழிந்ததே உங்களுக்குத் தெரியாது. சுவருக்குள் மூடிவிட்ட பலகையை யார் போய்ப் பார்ப்பார்கள்? கிழியாவிட்டாலும் ஆண்டுக்காண்டு கொஞ்சம் காற்றும் நீராவியும் உறை வழியே நுழையும். விளிம்பில் மடிந்திருக்கும் உலோக உறை வழியாகவும் வெப்பம் சுற்றிக்கொண்டு போகும். பலகை சிறிதாக இருந்தால் இந்த ஓரக் கசிவு பெரிதாகத் தெரியும். பிளாஸ்க்கிலும் அப்படியே. அதன் உடலைவிடக் கழுத்தும் மூடியும்தான் வெப்பத்தைக் கோட்டை விடுகின்றன.

விண்வெளியில் வெற்றிடம் இலவசம். அங்கே மிஞ்சுவது கதிர்வீச்சு ஒன்றே, எனவே படலம்தான் ராஜா. உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றையொன்று தொடாமல் அடுக்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு, டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரை. அதன் ஒரு பக்கம் வெயிலில் காய்கிறது. தொலைநோக்கி இருக்கும் பக்கம் மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே. குளிர்கால இரவில் நம் அறையின் வெப்பம் மேலே போவதைத் தடுக்கத் தடுமாறும் அதே பளபளப்புதான்.

## தடித்த சுவர்

பலர் இதையும் ஒரு தெரிவாகக் கேட்பதால் சொல்கிறேன். ஐந்து சென்டிமீட்டர் நுரைக்கு ஈடாக வேண்டுமானால் கான்கிரீட் சுவர் இரண்டு மீட்டர் இருக்க வேண்டும். தடித்த சுவர் வெப்பத்தைத் தடுப்பதைவிட அதிகமாகத் தாமதப்படுத்துகிறது. இருபது சென்டிமீட்டர் கான்கிரீட், பகலின் உச்சத்தை ஐந்தாறு மணி நேரம் கழித்து உள்ளே தரும். பகலில் மட்டும் ஆள் இருக்கும் இடத்துக்கு அது நன்மை. படுக்கையறைக்கு, மாலையில் வந்து சேரும் வேண்டாத விருந்தாளி.

## எல்லாவற்றையும் கெடுக்கும் திருகாணி

நுரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு எஃகுச் சட்டங்கள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் சதுர சென்டிமீட்டர். கணக்குப்படி அந்த எஃகு வழியே மட்டும் 30 வாட் வரும். மிச்சமுள்ள நுரை முழுவதும் சேர்ந்து விடுவது 21. காப்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு இந்தப் பாலங்களின் பங்கும் பெரிதாகும். 4 வாட் பலகையை வாங்கி எஃகுச் சட்டத்தில் மாட்டுவதைப் போன்ற வீண் வேறில்லை. எஃகுதான் வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகு மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். மரமோ கெட்டியான பிளாஸ்டிக்கோ அதைவிடவும் பல மடங்கு குறைவாகக் கடத்தும். பணம் ஓரளவுதான் இருக்கிறது என்றால் உயர்ந்த பலகையை விட்டுவிட்டு இந்தப் பாலங்களை ஒழிக்கச் செலவிடுவேன்.

## எந்த நிலையில் எது

வெயில் சுடும் கூரை, கீழே காற்றிடைவெளி, அதிகம் சுமை தாங்காத சட்டம் என்றால் படலம், பளபளப்பு கீழ்நோக்கி. அதே கூரைக்குக் கீழ் குளிர்காலமும் வருமானால் நுரையோ இழையோ போட்டு, இடைவெளியைப் பார்த்த பக்கத்தில் படலம் இருக்கட்டும். இரண்டுக்கும் பகை இல்லை.

சுவர், தரை, குளிர்ந்த குழாய், குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு மூடிய அறை நுரை. நெருப்புக்கும் கடும் சூட்டுக்கும் அருகே பாறை இழை. அறுநூறு டிகிரி அடுப்பென்றால் கதிர்வீச்சு ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோவாட்டுக்கு வந்துவிடும். அங்கே இழைகளுக்கு நடுவே கதிரைத் தடுக்கும் கலவையும் வேண்டும், சாதாரணக் கம்பளம் தாங்காது.

இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடமே இல்லை, யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், அளவும் மாறாது என்ற உறுதி இருந்தால் வெற்றிடப் பலகை: மருந்துப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் சுவர் போன்றவை. வெந்நீரை ஓரிரவு வைக்க வெள்ளி பூசிய குடுவைக்கு நிகரில்லை. வீட்டுச் சுவருக்கு வெற்றிடப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் படம் மாட்டாத வீடு உண்டா?

## வாங்குவதற்கு முன் ஓர் அட்டை

வெப்பம் எந்த வழியில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருவி வேண்டாம். உச்சி வெயில் நேரத்தில் கூரைக்குக் கீழே நில்லுங்கள். நெற்றியில் சூடு தெரியும். இப்போது ஓர் அட்டையைத் தலைக்குச் சற்று மேலே, தொடாமல் பிடியுங்கள். அந்த நொடியே நெற்றிச் சூடு விலகினால் அது கதிர்வீச்சு. அட்டையை எடுத்ததும் சூடு திரும்ப வரும். அட்டை பிடித்தும் மாற்றம் இல்லை, சுற்றிலும் புழுங்குகிறது என்றால் சூடான காற்று உள்ளே நுழைகிறது. எந்தப் பலகையும் வாங்கத் தேவையில்லை, இடுக்குகளை அடைத்துவிடுங்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே வெப்பநிலையில் இருக்கும் மரமும் இரும்பும் கைக்கு வேறு வேறாகத்தான் தெரியும்; கை சொல்வது பொருள் எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அன்று.